வேர்க் குழாயின் ஓரத்தில் ஒளிந்திருக்கும் கிருமி

பெங்களூரு அல்சூரில் என் கிளினிக்குக்கு வரும் இளம் பல் மருத்துவர்கள் வேர் சிகிச்சை பற்றிக் கேட்பது ஒன்றே: "மேடம், எந்த ஃபைல் போட்டால் கிருமி முழுசாப் போகும்?" எந்த ஃபைலாலும் முழுசாகப் போகாது. ஃபைல் என்பது வேருக்குள் இருக்கும் குழாயைச் சுரண்டும் மெல்லிய அரம். அது வழி போடும், கிருமியைக் கொல்வது மருந்து.

பல்லைச் சுற்றி எச்சில் வராமல் தடுக்கும் ரப்பர் விரிப்பான ரப்பர் டேம் போடாமல் குழாயைத் திறக்காதீர்கள். எச்சில் இறங்கினால் நாமே கிருமியை உள்ளே விட்ட மாதிரி. அப்புறம் மெல்லிய 10-ஆம் எண் கே ஃபைலைக் கையால் இறக்கி, வேர் நுனியைக் காட்டும் கருவியான அபெக்ஸ் லொக்கேட்டரில் குழாயின் நீளம் பாருங்கள். என்ன மோட்டார் இருந்தாலும் இந்த இடத்தில் கைதான். வளைவு விரல் நுனிக்குத்தான் தெரியும்.

ஸ்டீல் ஃபைல் தடிமன் ஏற ஏற விறைத்துக்கொண்டு, வளைந்த வேரில் நேராகப் போகப் பார்க்கும். நிக்கல் டைட்டானியம் வளைந்து கொடுக்கும். நிக்கல் டைட்டானிய ஃபைல் வரிசையான புரோடேப்பரில் எஸ்1, எஸ்2, எஃப்1, எஃப்2 என்று படிப்படியாகப் போகலாம். ரெசிப்ரோக், வேவ்ஒன் என்ற ஃபைல்கள் இரண்டும் முன்னும் பின்னும் சுழன்று பெரும்பாலும் ஒரே ஃபைலில் முடித்துவிடும். ஆபத்தே அந்த வேகத்தில்தான்: ஃபைல் சீக்கிரம் முடிந்தால் மருந்து உள்ளே நிற்கும் நேரமும் குறைந்துபோகும்.

நான் அதில் தவறியிருக்கிறேன். கோயில் பக்கம் பூ விற்கும் அம்மா ஒருவர், கீழ்க் கடைவாய்ப் பல். ஒரே ஃபைல், ஒரே நாள், எக்ஸ்ரே அழகாக வந்தது. எட்டு மாதத்தில் ஈறில் சீழ்ப் பொட்டு. திறந்து, பின்வேரில் இழுக்கும்போது சுரண்டும் 15-ஆம் எண் எச் ஃபைலை ஓரமாகச் சாய்த்து இழுத்தேன். அதன் பள்ளங்களில் சாம்பல் நிறக் கூழ் அப்பிக்கொண்டு வந்தது. அந்தக் குழாய் பெரும்பாலும் நீள்வட்டமாக இருக்கும். உருண்டை ஃபைல் நடுவில் சுற்றிவிட்டு வந்துவிடும். மேல் கடைவாய்ப் பற்களை மைக்ரோ சி.டி. என்ற நுண் ஸ்கேனில் பார்த்த 2001-ஆம் ஆண்டு ஆய்வில், எந்த முறையிலுமே 35 சதவீதமோ அதற்கு மேலோ சுவர் தொடப்படவில்லை. செல்ஃப் அட்ஜஸ்டிங் ஃபைல் வலைக்குழல் போல விரிந்து, மருந்தையும் ஓடவிட்டபடி ஓரத்தைத் தேய்க்கும். அது இல்லாதவர்களுக்கு இந்த எச் ஃபைல் போதும்.

இனி மருந்து. மெல்லிய 30 கேஜ் பக்கத்துளை ஊசியில், குழாயின் நீளத்துக்கு 2 மி.மீ. குறைவாக ஸ்டாப்பர் என்ற ரப்பர் அடையாள வளையம் வையுங்கள். ஊசி சிக்கக்கூடாது, மேலும் கீழும் அசைத்துக்கொண்டே ஆள்காட்டி விரலால் மெதுவாக அழுத்துங்கள். கட்டைவிரல் வைத்தால் வேகம் கூடி, வேர் நுனிக்கு வெளியே பாய்ந்துவிடும். ஒவ்வொரு ஃபைலுக்கும் நடுவே கிருமியைக் கொல்லும் 3 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (ஹைப்போ). கடைசியில் 17 சதவீத ஈடிடிஏ என்ற கரைசல் ஒரு நிமிடம். சுவரில் படிந்த சீவல் படலம் கரையும். மறுபடி ஹைப்போ விட்டு, மருந்தை அதிரவைக்கும் அல்ட்ராசோனிக் முனை 20 வினாடி வீதம் மூன்று தடவை, தடவைக்குத் தடவை புது மருந்து. ஹைப்போ இருக்கும்போது இன்னொரு கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடின் விடாதீர்கள், பழுப்பு வண்டல் குழாயை அடைக்கும்.

சீழ் கண்ட பல் என்றால் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தைக் குழாயில் வைத்து ஒரு வாரம் மூடுங்கள். அந்த அம்மாவுக்கு எட்டாம் நாள் பொட்டு வற்றியிருந்தது. அன்றுதான் அடைத்தேன்.