சுகாதாரக் கல்வி: ஊருக்குள் பேசப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சுகாதாரக் கல்வி என்றதும் நோட்டீஸ், பேனர், மைக் செட் என்று கிளம்பிவிடுகிறோம். 1956-இல் டெல்லியில் தொடங்கிய மத்திய சுகாதாரக் கல்விப் பணியகத்துக்கு, மக்களிடம் பேசப் போகிறவர்களுக்குப் பயிற்சி தருவதும் ஒரு வேலை. நமக்குப் பக்கத்திலேயே, சின்னாளபட்டியை ஒட்டிய காந்திகிராமத்திலும் கிராம சுகாதாரப் பயிற்சிக்கு ஒரு நிறுவனம் இருக்கிறது. ஆனால் வகுப்பில் கேட்டதை ஊரில் வந்து அப்படியே ஒப்பித்தால் எடுபடாது.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கூட்டத்தில் 'நீரிழப்பு, நீரிழப்பு' என்று அரை மணி நேரம் பேசினேன். கடைசியில் ஒரு பாட்டி, "தண்ணி வரலைன்னா பிரசிடெண்டுகிட்டல்லப்பா சொல்லணும்?" என்றார். அன்றிலிருந்து 'வயித்தால போய், நாக்கு வறண்டு, கண்ணு குழி விழுந்து' என்றுதான் ஆரம்பிக்கிறேன்.

பேதியாகும்போது தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடியான ஓ.ஆர்.எஸ். பாக்கெட் விஷயத்தில்தான் தவறு அதிகம். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் மொத்தமாகக் கரைக்க வேண்டும். வீட்டிலோ டம்ளரில் கொஞ்சம் கொட்டிக் கலக்கிவிட்டு, மீதியை மடித்து அலமாரியில் வைத்துவிடுவார்கள். உப்பு கூடினால் பிள்ளைக்கு ஆபத்து, குறைந்தால் பயனில்லை. 'ஒரு லிட்டர்' என்று வாயால் சொன்னால் போதாது; செம்பு வீட்டுக்கு வீடு வேறு அளவு. காலி லிட்டர் பாட்டில் ஒன்றைக் கொண்டுபோய் அந்த அம்மாவையே கரைக்கச் சொல்லுங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சமிருந்தால் கீழே கொட்டிவிட வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

இன்னொன்று, 'இதைக் கொடுத்தால் நின்றுவிடும்' என்று வாக்குக் கொடுப்பது. இது பேதியை நிறுத்தும் மருந்து இல்லை. போன தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்டுவது. நிற்கும் என்று நம்பிக் கொடுத்தவர், சாயங்காலம்வரை நிற்கவில்லையென்றால் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடுவார். 'தண்ணி குடுத்தா இன்னும் போகும்' என்ற பழைய பயமும் அப்போது சரியென்று ஆகிவிடும். பேதிக்கு ஓ.ஆர்.எஸ்.ஸோடு பிள்ளைக்குக் கொடுக்கும் துத்தநாக (ஜிங்க்) மாத்திரையிலும் இதே சிக்கல்தான். 14 நாள் கொடுக்க வேண்டியதை, வயிறு சரியானதும் மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள்.

அப்புறம், நேரம். மல்லிகைத் தோட்டம் உள்ள ஊரில் காலை ஏழு மணிக்குக் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்? பெண்கள் மொட்டுப் பறிக்கப் போயிருப்பார்கள்.

கூட்டம் முடிந்ததும் குரூப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். அடுத்த வாரம் நாலு வீட்டுக்குப் போய், "எப்படிக் கரைச்சீங்கக்கா, காட்டுங்க" என்று கேளுங்கள். போன தடவை நான் கேட்டபோது, நாலில் இரண்டு பேர் டம்ளரைத்தான் எடுத்தார்கள்.