பிள்ளையை ஐஸ் ஹாக்கியில் சேர்க்கும் முன்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்திருக்கும் பெற்றோருக்கு

வாடகை வீடு அமைந்து, ஓட்டுநர் உரிமம் வாங்கி, பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த கொஞ்ச நாளிலேயே அந்தத் துண்டுச்சீட்டு வீட்டுக்கு வந்துவிடும்: ‘ட்ரை ஹாக்கி ஃபார் ஃப்ரீ’. நவம்பர் வாக்கிலும், குளிர்காலம் முடியும் தறுவாயிலும் நாடெங்கும் பல ரிங்குகளில் (பனித்தள அரங்குகளில்) ஒரு நாள் இலவசமாக விளையாட விடுவார்கள். வகுப்பில் நண்பர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டுப் பிள்ளை ‘நானும் போறேன்’ என்று நிற்கும். நம்மவர்களில் பாதிப் பேர் ‘அடிபடும், செலவாகும், வேண்டாம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மீதிப் பேரில் சிலர் இரண்டாவது வருடமே வாரக்கடைசி தோறும் நாலு மணி நேரம் கார் ஓட்டிப் போகும் அணியில் சேர்த்துவிட்டு, மார்ச் மாதம் வருவதற்குள் களைத்துப்போகிறார்கள். இந்த விளையாட்டு இங்கே எப்படி அடுக்கடுக்காக அமைக்கப்பட்டிருக்கிறது என்று தெரியாததுதான் இரண்டுக்கும் காரணம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பன்னிரண்டு வயது வரை வீட்டுக்குப் பக்கத்து ரிங்க் போதும்.

யார் நடத்துகிறார்கள்

பள்ளியோ அரசோ இதை நடத்துவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது யுஎஸ்ஏ ஹாக்கி. 1937-இல் வேறு பெயரில் தொடங்கி, 1991-இல் இந்தப் பெயருக்கு மாறிய அமைப்பு. தலைமையகம் கொலராடோ ஸ்பிரிங்ஸில். நாட்டை 12 மாவட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அதற்குக் கீழே மாநிலச் சங்கங்கள், அதற்கும் கீழே உங்கள் ஊர்க் கிளப். கிளப்பை நடத்துபவர்கள் பெரும்பாலும் உங்களைப் போன்ற பெற்றோர்தான், சம்பளம் இல்லாத வேலை.

ஒவ்வொரு பருவமும் பிள்ளைக்கு யுஎஸ்ஏ ஹாக்கி எண் ஒன்று எடுக்க வேண்டும். ஆறு வயதும் அதற்குக் கீழும் தேசியக் கட்டணம் கிடையாது. மாநிலச் சங்கத்துக்கு ஒரு சிறு தொகை இருக்கலாம். இந்தப் பதிவோடு ஒரு விபத்துக் காப்பீடும் வருகிறது. ஆனால் உங்கள் குடும்ப மருத்துவக் காப்பீடு கொடுத்தது போக மிச்சத்துக்குத்தான் அது கைகொடுக்கும், அதை நம்பி வீட்டுக் காப்பீட்டைக் குறைத்துவிடாதீர்கள். வயதுக்குச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். அப்பா பெயரை இனிஷியலாக வைத்திருக்கும் வீடுகளில் சான்றிதழில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதிந்துவிடுங்கள், ஒவ்வொரு வருடமும் அதே எழுத்துகளோடு.

இவ்வளவு தெற்கே எப்படி வந்தது

டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் ஐஸ் ஹாக்கியா என்று வியக்காத தமிழரை நான் பார்த்ததில்லை. மினசோட்டா, மிச்சிகன், மாசசூசெட்ஸ் என்று குளிர் மாநிலங்களின் விளையாட்டாகத்தான் இது நெடுங்காலம் இருந்தது. 1980-இல் லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் கல்லூரிப் பையன்களைக் கொண்ட அமெரிக்க அணி சோவியத் அணியை 4-3 என்று வென்றபோது நாடே திரும்பிப் பார்த்தது. 1988-இல் நட்சத்திர வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி கனடாவின் எட்மன்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸுக்கு மாற்றப்பட்டதும் கலிபோர்னியாவில் ரிங்குகள் முளைத்தன. 1993-இல் என்.எச்.எல். என்னும் பெரிய தொழில்முறை லீக்கின் மினசோட்டா அணி டல்லாஸுக்குக் குடிபெயர்ந்தது. டல்லாஸைச் சுற்றி ஸ்டார்சென்டர் என்ற பெயரில் ரிங்குகள் வந்தது அந்த அணியால்தான். இன்று ஃபிரிஸ்கோவிலும் பிளேனோவிலும் வசிக்கும் நம் குடும்பங்களுக்கு அவை பக்கத்திலேயே இருக்கின்றன. அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் வளர்ந்த ஆஸ்டன் மாத்யூஸ் என்.எச்.எல். அணிகள் புது வீரர்களை எடுக்கும் 2016 தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். பாலைவனத்தில் ரிங்க் கட்டியது வீண்போகவில்லை என்பதற்கு அவரே சாட்சி.

எண்ணிக்கையும் அதைத்தான் காட்டுகிறது. 1990-களின் தொடக்கத்தில் யுஎஸ்ஏ ஹாக்கியில் பதிந்திருந்த வீரர்கள் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. இப்போது ஐந்தரை லட்சத்துக்கு மேல். சான் ஹோசே, ஃப்ரீமான்ட் பக்கம் இருப்பவர்களுக்கு ஷார்க்ஸ் ஐஸ் ரிங்குகள், சியாட்டிலில் 2021-இல் திறந்த கிராக்கன் அணியின் நார்த்கேட் ரிங்க் என்று எல்லா ஊரிலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது.

எங்கே தொடங்குவது

முதலில் ஸ்கேட்டிங். ஹாக்கி பிறகு. ரிங்கில் ‘லேர்ன் டு ஸ்கேட்’ வகுப்பு சில வாரங்கள் போகட்டும். விழுவதற்கும், விழுந்தால் தானாக எழுவதற்கும் பிள்ளை பழகியதும் ‘லேர்ன் டு ப்ளே’ என்னும் அடுத்த படி. என்.எச்.எல். அணி உள்ள நகரங்களில் முதல்முறை விளையாட வருபவர்களுக்கு அந்த அணியின் பெயரிலேயே இது நடக்கிறது. தலை முதல் கால் வரை உபகரணமும் சேர்த்தே கொடுப்பார்கள். கட்டணத்தைப் பார்த்துத் தயங்காதீர்கள். அந்த உபகரணத்தைக் கடையில் தனியாக வாங்கினால் அதைவிடக் கூடுதலாகும். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் கோடையிலேயே பதிவுத் தேதியைப் பார்த்து வையுங்கள்.

தனியாக வாங்க வேண்டி வந்தால் ஹெல்மெட்டைப் புதிதாக வாங்குங்கள். மற்றதெல்லாம் பழையதே போதும். ப்ளே இட் அகெய்ன் ஸ்போர்ட்ஸ் போன்ற கடைகளிலும், கிளப்புகள் பருவத் தொடக்கத்தில் நடத்தும் கைமாற்று நாளிலும் நல்ல பொருள் கிடைக்கும். பிள்ளைகள் வருடத்துக்கு ஒரு அளவு வளர்வதால் பாதி தேயாமலேயே கைமாறி வருகின்றன.

ஸ்கேட்டில் மட்டும் கவனம். ‘வளர்ற பிள்ளை’ என்று ஒரு அளவு பெரிதாக வாங்கும் நம் வழக்கம் இங்கே உதவாது. தினசரி ஷூவின் அளவைவிட ஒன்று அல்லது ஒன்றரை அளவு சிறியதாகத்தான் ஸ்கேட் பொருந்தும். பெரிதாக இருந்தால் உள்ளே கணுக்கால் ஆடும். பிள்ளைக்கு ‘ஸ்கேட்டிங் வரவில்லை’ என்று நாம் தப்பாக நினைப்போம். கயிறு கட்டுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. காலை நுழைத்ததும் பிளேடின் பின்முனை ரப்பர் விரிப்பில் படும்படி குதிகாலை ஒரு தட்டுத் தட்டச் சொல்லுங்கள், குதிகால் பின்னால் போய் உட்காரும். விரல் பக்கம் கொஞ்சம் தளர்வாகவும், நடுப்பாதத்திலிருந்து கணுக்கால் வளைவு வரை இறுக்கமாகவும், மேல் இரண்டு துளைகளில் மிதமாகவும் இழுங்கள். பாதம் மரத்துப்போகிறது என்று பிள்ளை சொன்னால் கீழ்ப்பகுதி இறுகிவிட்டது என்று பொருள். மெல்லிய ஒரு ஜோடி சாக்ஸ் போதும். இரண்டு போட்டால் குளிர் குறையாது, பிடிமானம்தான் போகும். புது ஸ்கேட்டைக் கடையிலேயே சாணை பிடித்து வாங்குங்கள், சில ஸ்கேட்டுகள் மழுங்கலாகத்தான் பெட்டியில் வருகின்றன.

கழுத்துக் காப்பு பற்றி உறுதியாக இருங்கள். 2023 அக்டோபரில் இங்கிலாந்தில் ஆடிக்கொண்டிருந்த அமெரிக்க வீரர் ஆடம் ஜான்சன் கழுத்தில் ஸ்கேட் பிளேடு பட்டு இறந்தார். அதன்பின் யுஎஸ்ஏ ஹாக்கி 2024 ஆகஸ்ட் 1 முதல் இளையோர், ஜூனியர் பிரிவுகளில் பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கியது. பிள்ளை ‘அரிக்கிறது’ என்று கழற்றும். விடாதீர்கள்.

சின்னப் பிள்ளைகளின் ஆட்டம்

வயதுப் பிரிவுகளை 6-யூ, 8-யூ, 10-யூ, 12-யூ, 14-யூ என்று அழைப்பார்கள். அந்த வயதுக்கு உட்பட்டோர் என்று கணக்கு. பழைய ஆட்கள் மைட், ஸ்குவர்ட், பீவீ, பான்டம் என்பார்கள்.

8-யூ ஆட்டத்தை முதலில் பார்க்கும்போது ‘முழு மைதானம் தராமல் ஏமாற்றுகிறார்களோ’ என்று தோன்றும். 200 அடி நீள ரிங்கைக் குறுக்காகத் தடுத்து, துண்டு துண்டாக ஆட விடுவார்கள். 2009-இல் யுஎஸ்ஏ ஹாக்கி கொண்டுவந்த அமெரிக்கன் டெவலப்மென்ட் மாடல் என்ற திட்டத்தின் பலன் இது. முழு ரிங்கில் ஆடினால் வேகமான ஒரு பையன் பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) தள்ளிக்கொண்டு போவான், மற்றவர்கள் பின்னால் ஓடுவார்கள். குறுக்கு ரிங்கில், தெருக் கிரிக்கெட்டில் பந்து எல்லார் கைக்கும் வருவது போல, எல்லாப் பிள்ளைக்கும் பக் கிடைக்கிறது. பக்கும் 6 அவுன்ஸ் கறுப்பு அல்ல, 4 அவுன்ஸ் நீலம். சின்னக் கைக்கு ஏற்றது. ஒரு ஆட்டத்துக்கு மூன்று பயிற்சி என்ற விகிதத்தையும் அந்தத் திட்டம் வலியுறுத்துகிறது. ஆட்டங்களை மட்டும் அடுக்கிப் பெருமை பேசும் கிளப்பைவிடப் பயிற்சி நேரம் அதிகம் தரும் கிளப் மேல்.

அடிபடும் பயத்துக்கு ஒரு பதில்: உடம்பால் மோதித் தடுக்கும் பாடி செக்கிங் 12-யூ வரை கிடையாது. 2011-12 பருவத்திலிருந்து அது 14-யூவுக்குத் தள்ளப்பட்டது. பெண்கள் பிரிவில் எந்த வயதிலும் இல்லை. பெண்பிள்ளைகளைத் தயங்காமல் அனுப்புங்கள். 1998 நாகானோ ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்கள் ஹாக்கி வந்தபோது தங்கம் வென்றது அமெரிக்க அணி. 2024 ஜனவரி முதல் பெண்களுக்கென்றே பி.டபிள்யூ.எச்.எல். என்ற தொழில்முறை லீக் நடக்கிறது.

ஹவுஸ் லீக்கா, டிராவலா

ஹவுஸ் லீக்கில் எல்லாரையும் சேர்த்துக்கொள்வார்கள், ஆட்டங்கள் உள்ளூரிலேயே. வெளியூர் போய் ஆடும் டிராவல் அணிக்குத் தேர்வு உண்டு. ட்ரைஅவுட் என்னும் அந்தத் தேர்வு பெரும்பாலான மாநிலங்களில் வசந்த காலத்திலும், மினசோட்டாவில் இலையுதிர் காலத்திலும் நடக்கும். டிராவலிலும் படிகள் உண்டு: ஏ, டபிள்-ஏ, உச்சத்தில் ட்ரிபிள்-ஏ. ஹவுஸ் லீக் சில நூறு டாலரிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை. டிராவல் சில ஆயிரம். ட்ரிபிள்-ஏ என்றால் விமானம், ஓட்டல் எல்லாம் சேர்த்து ஐந்து இலக்கத்தைத் தொட்டுவிடும். எட்டு வயதுப் பிள்ளைக்கு ‘எலைட்’ என்று பெயர் போட்ட அணி அழைத்தால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். அந்த வயதில் யார் நன்றாக வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்டபின் பாதியில் விலகினாலும் முழுப் பணமும் கட்ட வேண்டிய ஒப்பந்தங்கள் சகஜம், அதனால் வரிவிடாமல் படியுங்கள்.

மினசோட்டாவின் வழி தனி. அங்கே குடியிருக்கும் இடத்தையும் படிக்கும் பள்ளியையும் வைத்துத்தான் சங்கம் அமையும். வளர்ந்தபின் பையன்கள் ஊர் உயர்நிலைப் பள்ளிக்காகவே ஆடுவார்கள்; 1945 முதல் நடக்கும் மாநிலப் பள்ளிப் போட்டிக்கு செயின்ட் பால் அரங்கு நிரம்பி வழியும். மினியாபொலிஸ் பக்கம் வருபவர்கள் வீடு பார்க்கும்போதே அந்தப் பகுதிச் சங்கத்தை விசாரித்துவிடலாம்.

உடைமாற்றும் அறையில் பயிற்சி பெற்ற பெரியவர் ஒருவர் கண்காணிப்புக்கு இருக்க வேண்டும் என்பது விதி. நிறத்தையோ இனத்தையோ சொல்லி யாராவது உங்கள் பிள்ளையை இழிவாகப் பேசினால் ‘புதுசா வந்திருக்கோம், எதுக்கு வம்பு’ என்று விழுங்காதீர்கள். ஆட்டத்திலிருந்தே வெளியேற்றும் தண்டனை விதிப்புத்தகத்தில் இருக்கிறது. அன்றைக்கே டீம் மேனேஜரிடமும் கிளப்பிடமும் எழுத்தில் கொடுங்கள்.

ஜூனியர் லீக்குகள்

இங்கேதான் நம்மவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். ஜூனியர் ஹாக்கி சிறுவர்களுக்கானது அல்ல. 16 முதல் 20 வயது வரையானவர்களுக்கு, கல்லூரி அணிக்கும் தொழில்முறைக்கும் முந்தைய படி. முதல் தட்டு யு.எஸ்.எச்.எல். 1947-இல் தொடங்கி, 1979 முதல் முழுக்க ஜூனியர் லீக்காக மாறியது. வாட்டர்லூ, டுபுக், ஃபார்கோ, சூ ஃபால்ஸ், லிங்கன் போன்ற நடுமேற்கு ஊர்களே அதன் கோட்டை. இங்கே விளையாட வீரர் பணம் கட்டுவதில்லை. வெளியூர்ப் பையன்களை உள்ளூர்க் குடும்பங்கள் தங்கள் வீட்டில் வைத்துச் சோறு போடுகின்றன. பில்லெட் ஃபேமிலி என்பார்கள். அடுத்த தட்டு என்.ஏ.எச்.எல்.; ஆடக் கட்டணம் இல்லை, தங்கும் செலவு உங்களுடையது. மூன்றாம் தட்டில் பல லீக்குகள், பெரும்பாலும் பணம் கட்டி ஆடுபவை. அந்த அணிகளிலிருந்து பையனுக்கு மின்னஞ்சலில் ‘கேம்ப்’ அழைப்புகள் வரும். அழைப்பு வந்ததாலேயே தேர்வாகிவிட்டதாக ஆகாது. கேம்ப் கட்டணமும் அந்த அணிகளுக்கு ஒரு வருமானம்.

பிளஸ் டூ முடித்த பையன் உடனே கல்லூரி சேராமல் இரண்டு வருடம் ஜூனியர் ஆடுவான் என்று கேட்டால் நம் வீடுகளில் நெஞ்சு படபடக்கும். ஆனால் முதல்நிலைக் கல்லூரி ஹாக்கியில் முதலாண்டு மாணவர்கள் பலர் அப்படித்தான் 19, 20 வயதில் நுழைகிறார்கள். 2024 நவம்பரில், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. எடுத்த முடிவால் கனடாவின் பெரிய ஜூனியர் லீக்குகளில் ஆடியவர்களும் 2025 ஆகஸ்ட் முதல் அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடலாம். அதனால் அந்த இடங்களுக்குப் போட்டி முன்னைவிடக் கடுமை. ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஹாக்கியை ஸ்காலர்ஷிப் கணக்காக மட்டும் பார்த்தால் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கணக்கு உதைக்கும்.

படிப்பும் வேண்டும், ஹாக்கியும் வேண்டும் என்ற பிள்ளைக்கு ஏ.சி.எச்.ஏ. இருக்கிறது. 1991-இல் தொடங்கிய இந்த அமைப்பின் கீழ் நூற்றுக்கணக்கான பல்கலைக்கழக கிளப் அணிகள் ஆடுகின்றன. ஊர் டிராவல் அணியிலும் பள்ளி அணியிலும் வளர்ந்த பிள்ளை தனக்குப் பிடித்த கல்லூரியில் சேர்ந்து, செப்டம்பரில் அங்கே ட்ரைஅவுட் போய்ப் பார்க்கலாம்.

மிச்சிகனின் கேன்டன், நோவை பக்கம் இருப்பவர்கள் பிள்ளையைப் பக்கத்து ஊரான பிளிமத்துக்கு ஒருமுறை கூட்டிப்போங்கள். நாட்டின் சிறந்த 16, 17 வயதுப் பையன்களைச் சேர்த்துப் பயிற்சி தரும் தேசிய அணித் திட்டம் அங்கே யுஎஸ்ஏ ஹாக்கி அரீனாவில்தான் நடக்கிறது. போர்ட்லண்ட், சியாட்டில் பக்கத்தில் கென்ட், எவரெட் ஆகிய இடங்களில் கனடிய ஜூனியர் லீக்கான டபிள்யூ.எச்.எல். ஆட்டம் பார்க்கலாம். என்.எச்.எல். சீட்டு விலையோடு ஒப்பிட்டால் இவை மிகக் குறைவு. தாத்தா பாட்டி ஊரிலிருந்து வந்திருந்தால் ஒரு கம்பளியும் ஃப்ளாஸ்க்கில் காப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள்; வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே இருக்கை சில்லிட்டுப் போயிருக்கும்.