புது நண்டா? பெயர் வைக்கும் முன்

கழிமுகச் சேற்றில் பிடித்த நண்டு எந்தப் படத்தோடும் பொருந்தவில்லையா? கொஞ்சம் பொறுங்கள். நான் துள்ளிக் குதித்த முதல் 'புது' நண்டு, ஏற்கெனவே பெயருள்ள ஒன்றின் குஞ்சு.

படி 1: உயிரோடு ஸ்பிரிட்டில் போடாதீர்கள், கால்களை உதறிவிடும். ஐஸில் வைத்து மரத்துப்போகச் செய்யுங்கள். மரபணுச் சோதனைக்கு ஒரு காலின் சதையை 95 சதவீத எத்தனாலில் தனியாக எடுத்துவையுங்கள். ஃபார்மலின் பக்கமே போக வேண்டாம், டிஎன்ஏ கெட்டுவிடும். இடம், தேதி எழுதிய சீட்டு பாட்டிலுக்குள்ளேயே இருக்கட்டும். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை கரைந்துவிடும்.

படி 2: நான் மாட்டிக்கொண்ட இடம் இது. வயிற்று மடல் குறுகலாக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். ஆணின் மடலைத் தூக்கினால் இரண்டு ஜோடி உறுப்புகள் தெரியும். இந்த இனச்சேர்க்கை உறுப்புகளுக்கு கோனோபாட் என்று பெயர். நெருங்கிய இனங்களைப் பெரும்பாலும் முதல் ஜோடியின் நுனிதான் காட்டிக்கொடுக்கும். நிறத்தை நம்ப முடியாது, ஸ்பிரிட்டில் வெளுத்துவிடும். இரண்டு வாரம் உட்கார்ந்து நுனியை மொட்டையாகவே வரைந்தேன். பூச்சி ஊசியால் மயிரை ஒதுக்கியபோதுதான் அடியில் வளைந்த கொம்பு தெரிந்தது! மயிரோடு ஒன்று, மயிர் நீக்கி ஒன்று என இரண்டு படம் வரையுங்கள். புகைப்படம் அழகுதான், ஆனால் கேமரா லூசிடா (நுண்ணோக்கியில் தெரியும் உருவத்தைத் தாளின் மேல் காட்டும் கருவி) வைத்துக் கையால் வரைந்தால்தான் கண் பழகும் என்பது என் கட்சி.

படி 3: பழைய பெயர்களைத் துழாவுங்கள். சேற்று நண்டுகளை வெகுகாலம் 'சில்லா செராட்டா' என்ற ஒரே பெயரில்தான் பலரும் அழைத்தார்கள். 1998இல் கீனன், டேவி, மான் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அதை நான்கு இனங்களாகப் பிரித்தார்கள். நான்குக்கும் பழைய பெயர்களே கிடைத்தன. அதில் தரங்கம்பாடியின் பெயரைத் தாங்கிய 'டிராங்குபாரிக்கா', டென்மார்க் விலங்கியலாளர் ஃபாப்ரீசியஸ் 1798இல் வைத்தது. கடல்வாழ் உயிரினப் பெயர்களைத் தொகுத்துத் தரும் வோர்ம்ஸ் (WoRMS) தளத்தில் தொடங்குங்கள், ஆனால் முதல் விவரிப்பைத் தேடிப் படிக்காமல் விடாதீர்கள்.

படி 4: ஒரே ஒரு நண்டை ஹோலோடைப் (புதுப் பெயருக்கு அடையாளமாக நிற்கும் மாதிரி) என்று கட்டுரையில் குறிப்பிட்டு, அருங்காட்சியகத்தில் ஒப்படையுங்கள். இந்தியாவில் என்றால் இந்திய விலங்கியல் ஆய்வகம். இணையத்தில் மட்டும் வரும் இதழா? அப்படியானால் ஜூபேங்க் (விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடு) பதிவு கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

பின்சேர்க்கை: பெண் நண்டு மட்டும் கிடைத்தால் என்ன செய்வது என்று பலர் கேட்டுவிட்டீர்கள். பெயர் வைக்கும் விதி தடுக்காது. நானாக இருந்தால் அடுத்த வற்றத்தில் மறுபடி சேற்றில் இறங்குவேன்.