வீட்டுக்குக் காபி ரோஸ்டர்: வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பச்சைக் காபிக் கொட்டையை வறுக்கும் சிறிய ரோஸ்டர் ஒன்று புதிதாகச் சந்தைக்கு வந்தால், பலரும் பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் படித்தே முடிவெடுக்கிறார்கள். இத்தனை கிராம் கொள்ளளவு, இத்தனை வாட் ஹீட்டர், இருபது ப்ரொஃபைல் (முன்பே பதிந்துவைத்த வறுவல் அமைப்பு), புளூடூத். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கொட்டை எப்படி வறுபடும் என்பது அதில் எங்கும் இருக்காது. அதைத் தெரிந்துகொள்ள விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இது: முழு ஈடு (ஒரு தடவைக்குப் போடும் அளவு) பச்சைக் கொட்டையைப் போட்ட நொடியிலிருந்து முதல் வெடிப்புச் சத்தம் (சூட்டில் கொட்டை உப்பிப் படபடவென்று வெடிப்பது) கேட்கும்வரை எத்தனை நிமிடம் ஆகிறது?

கொள்ளளவை அப்படியே நம்புவது

500 கிராம் என்று போட்டிருந்தால், டிரம் (கொட்டை சுழலும் உருளை) 500 கிராமைச் சுழற்றும் என்றுதான் அர்த்தம். அதை உரிய நேரத்தில் வறுக்குமா என்பது வேறு விஷயம். டிரம் ரோஸ்டரில் முதல் வெடிப்பு 7 முதல் 10 நிமிடத்துக்குள் வர வேண்டும். சூடான காற்றில் கொட்டையைப் பறக்கவிட்டு வறுக்கும் மெஷினில் இன்னும் சீக்கிரம் வரும். 14, 15 நிமிடம் ஆகியும் வெடிக்கவில்லை என்றால் ஹீட்டருக்கு அந்த ஈடு தாங்கவில்லை. நிறம் சரியாகவே ஏறியிருக்கும். குடித்தால்தான் தெரியும்: புளிப்பும் இனிப்பும் மங்கி, சப்பென்று காய்ந்த ரொட்டி வாசனை அடிக்கும். இந்தக் குறையைப் பிறகு எந்த ப்ரொஃபைலாலும் சரிக்கட்ட முடியாது. 250 கிராமை 9 நிமிடத்தில் வெடிக்க வைக்கும் மெஷின் 500 கிராமுக்கு 16 நிமிடம் எடுத்தால், அதை 250 கிராம் மெஷின் என்றே எண்ணி விலையை ஒப்பிடுங்கள்.

எவ்வளவு தேவை என்பதையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். ஒரு வேளைக்கு 18 கிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை என்றால் வாரத்துக்கு 378 கிராம் வறுத்த கொட்டை வேண்டும். நடுத்தர வறுவலில் எடை ஏறக்குறைய 15 சதவீதம் குறையும் என்பதால் பச்சைக் கொட்டை 445 கிராம். உண்மையில் 225 கிராம் வறுக்கும் மெஷினுக்கு இது வாரம் இரண்டு ஈடு. அதற்காகத் தேவைக்கு மேல் பெரிய டிரம்மும் வேண்டாம். கால் பங்கு மட்டும் போட்டால் வெப்பமானி முனை கொட்டைக்குள் மூழ்காது. திரையில் வரும் எண்ணுக்கு அர்த்தமே இருக்காது.

வாட் எண்ணை மட்டும் பார்ப்பது

மின்னழுத்தம் சற்றுக் குறைந்தாலும் ஹீட்டரின் சூடு அதைவிட அதிகமாகக் குறையும்; மின்திறன் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 230 வோல்ட்டுக்குச் செய்த 1,500 வாட் ஹீட்டர் 207 வோல்ட்டில் 1,215 வாட்தான் தரும். பத்து சதவீத வோல்ட்டேஜ் குறைவு கிட்டத்தட்ட இருபது சதவீதச் சூட்டைத் தின்றுவிடுகிறது. விற்பவரின் கூடத்தில் 9 நிமிடத்தில் வெடித்த ஈடு உங்கள் வீட்டில் 12 நிமிடத்தைத் தொடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். நீளமான, மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் செருகினால் நிலைமை இன்னும் மோசம். ஆகவே முழு ஈட்டுக்கு ஹீட்டரை 100 சதவீதத்திலேயே ஓட்ட வேண்டிய மெஷினைத் தவிர்ப்பது நல்லது. 75, 80 சதவீதத்தில் வேலை முடிகிற மெஷினுக்குத்தான் கையிருப்பு உண்டு.

திரையில் தெரிவது கொட்டையின் சூடு என்று எண்ணுவது

புது மெஷின்களை எடைபோடும்போது அதிகம் ஏமாறுவது இங்கேதான். சென்சார் கொட்டைக் குவியலுக்குள் இருக்கிறதா, காற்று வெளியேறும் வழியில் இருக்கிறதா, டிரம் சுவரை ஒட்டியிருக்கிறதா என்பதைப் பொறுத்து ஒரே கொட்டைக்கு மூன்று விதமான எண் வரும். செயல்விளக்க வீடியோவிலேயே இதைக் கண்டுபிடித்துவிடலாம். 200 டிகிரிக்குச் சூடேறிய டிரம்மில் அறை வெப்பத்தில் இருக்கும் கொட்டை விழுந்ததும், கொட்டைக்குள் மூழ்கிய சென்சாரின் எண் மளமளவென்று சரியும். ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் 80 முதல் 100 டிகிரி வாக்கில் தரைதட்டி, பிறகு மேலேறும். 200-லிருந்து 170-க்கு மட்டும் இறங்கி உடனே ஏறத் தொடங்கினால், அந்தச் சென்சார் பெரும்பாலும் காற்றையோ டிரம்மையோதான் அளக்கிறது.

சென்சார் முனையின் தடிமனையும் கேளுங்கள். 2, 3 மில்லிமீட்டர் முனை மாற்றத்தை உடனே காட்டும். 6 மில்லிமீட்டர் முனை பின்தங்கியே வரும். முதல் வெடிப்பின்போது கொட்டையின் வெப்பம் 196 முதல் 205 டிகிரி என்று பொதுவாகச் சொல்வார்கள். உங்கள் மெஷின் 188 காட்டினால் அதில் தப்பில்லை, அதே கொட்டைக்கு ஒவ்வொரு முறையும் 188-ஐ ஒட்டியே காட்டினால் போதும். ஒரு ஈட்டில் 188, அடுத்த ஈட்டில் 199 என்றால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு எதையும் திரும்பச் செய்ய முடியாது.

வெடிப்பைக் காதால் கேட்க முடிவதும் முக்கியம். காற்று ரோஸ்டர்களின் விசிறி இரைச்சலில் அந்தச் சத்தம் அமுங்கிப்போகும். இசை சேர்க்காத வீடியோ ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

முதல் ஈட்டை மட்டும் பார்ப்பது

விற்பவர் காட்டும் வளைகோடு (நேரத்தோடு வெப்பம் மாறுவதைக் காட்டும் வரைபடம்) பெரும்பாலும் நிதானமாகச் சூடேற்றிய மெஷினின் முதல் ஈடு. இரண்டாவது ஈட்டில் டிரம், முன்தட்டு, உமித்தட்டு (வறுபடும்போது உரியும் மெல்லிய தோல் சேரும் தட்டு) எல்லாமே சூட்டைத் தேக்கி வைத்திருக்கும். அதே அமைப்பில் போட்டால் வெடிப்பு முன்கூட்டியே வரும்; கொட்டையின் தட்டையான பக்கத்தில் கருந்தழும்பும், நுனியில் கருகலும் விழும். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது ஈடுகளின் வளைகோடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஈடுகளுக்கு நடுவே 20 நிமிடம் ஆறவிட வேண்டிய மெஷின் என்றால், ஒரே மூச்சில் நான்கு ஈடு வறுப்பவருக்கு அது சரிப்படாது.

ஆறவைப்பதைக் கடைசியில் யோசிப்பது

ஹீட்டரை அணைத்தபிறகும் 200 டிகிரிக்கு மேல் இருக்கும் கொட்டை தன் சூட்டிலேயே வறுபட்டுக்கொண்டிருக்கும். தனித் தட்டில் கொட்டி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சும் அமைப்பு இருந்தால் நான்கைந்து நிமிடத்தில் கையால் அள்ளலாம். வறுத்த அறைக்குள்ளேயே ஆறவைக்கும் மெஷினில் சூடான சுவர் விடாது. நீங்கள் நிறுத்திய நிறத்தைவிட ஒரு படி கருத்துத்தான் வெளியே வரும். முன்கூட்டியே நிறுத்திச் சமாளிக்கலாம் என்பார்கள். ஈட்டின் அளவு மாறினால் அந்தக் கணக்கும் மாறிவிடும்.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதையும் இங்கேயே கேட்டுவிடுங்கள். சுழற்சி நின்ற டிரம்மில் கொட்டை சில நிமிடங்களிலேயே கருகும், தீயும் பிடிக்கலாம். கையால் திறந்து கொட்டும் வழி கட்டாயம் வேண்டும். உள்ளே ஏற்கனவே தீப்பிடித்திருந்தால் மட்டும் கதவைத் திறக்கக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்து மூடியே வைக்க வேண்டும். திறந்தால் காற்று புகுந்து தீ பெருகும்.

புகையும் உமியும்

'புகை வராது' என்ற விளம்பரத்தை, எந்த வறுவலுக்கு என்று கேட்காமல் ஏற்காதீர்கள். இளவறுவலில் எந்த மெஷினும் கொஞ்சம்தான் புகையும்; கருவறுவலில் வரும் இரண்டாவது வெடிப்பைத் தாண்டும்போதுதான் அறை நிறையும். வடிகட்டி இருந்தால் அதை எத்தனை ஈட்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், விலை என்ன என்று கேளுங்கள். உமித்தட்டு ஒவ்வொரு ஈட்டுக்கும் கழற்றிக் கொட்ட எளிதாக இருக்க வேண்டும். பழத்தோடு உலர்த்திய கொட்டை நிறைய உமி கொட்டும். அதை விட்டுவைத்தால் அதுவே எரிபொருள்.

ஆப்பும் உதிரி பாகமும்

போனும் இணையமும் இல்லாமல் ஒரு ஈட்டை முழுதாக வறுத்து முடிக்க முடியுமா? முடியாது என்றால், நிறுவனம் சர்வரை மூடும் நாளில் மெஷினும் படுத்துவிடும். வறுவலைப் பதிவுசெய்யும் ஆர்ட்டிசன் போன்ற திறந்த மென்பொருளுக்குத் தரவு போகுமா என்பதையும் பாருங்கள். ஹீட்டர், விசிறி மோட்டார், சென்சார், பெல்ட், கண்ணாடி ஆகியவற்றின் விலைப்பட்டியலை மெஷின் வாங்குமுன்பே கேளுங்கள். பட்டியலே இல்லாத புது நிறுவனம் என்றால் காத்திருப்பது நல்லது. ஐந்து ஈடு வறுத்துவிட்டு எழுதிய விமர்சனத்தை வைத்தும் முடிவெடுக்க வேண்டாம்; எண்ணெயும் உமித்தூளும் விசிறியில் படிந்து காற்றோட்டம் குறைவது பல பத்து ஈடுகளுக்குப் பிறகுதான் தெரியும்.

சுடச்சுடச் சுவைத்து முடிவு சொல்வது

வறுத்த உடனே குடித்தால் கரியமில வாயு சுவையை மறைக்கும். குறைந்தது 8 மணி நேரம் விட்டு, 150 மில்லி நீருக்கு 8.25 கிராம் தூள், 93 டிகிரி நீர் என்ற கப்பிங் (காபியைச் சுவைத்துத் தரம் பார்க்கும் முறை) அளவில் சுவையுங்கள். ஒரு கொட்டையைப் பிளந்து உள்நிறத்தையும் பாருங்கள். வெளியே பழுப்பும் உள்ளே வெளிறலுமாக இருந்தால் மேற்புறம் மட்டும் வறுபட்டிருக்கிறது.

மெஷின் வீட்டுக்கு வந்ததும் ஒரே பச்சைக் கொட்டையை, ஒரே எடையில், ஒரே அமைப்பில் மூன்று ஈடு வறுத்து எடைபோடுங்கள். 200 கிராம் ஒருமுறை 170 கிராமாகவும் மறுமுறை 165 கிராமாகவும் வந்தால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் விற்றவரிடம் பேசிவிடுங்கள்.