லைட் பெயின்டிங்: ஷட்டரை நீட்டினால் கோடு பளிச்சிடாது

கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி, ஷட்டரைத் திறந்து வைத்து, இருட்டில் டார்ச்சால் காற்றில் வரைவதுதான் லைட் பெயின்டிங். புதிதாக முயல்பவர்களில் பலர் சறுக்குவது ஒரே இடத்தில்தான். கோடு மங்கலாக வந்தால், ஷட்டர் திறந்திருக்கும் 30 விநாடியை ஒரு நிமிஷம் ஆக்கிவிடுகிறார்கள். அடுத்த படத்திலும் கோடு அதே மங்கல்; பின்னணி மட்டும் வெளுத்திருக்கும்.

டார்ச் ஓர் இடத்தைக் கடக்கும் கணத்தில்தான் அங்கே கோடு பதிகிறது. அதன் பிறகு ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் அந்தக் கோட்டில் சேர எதுவும் இல்லை. சேர்வதெல்லாம் தெருவிளக்கும் வானமும்தான். கோட்டின் வெளிச்சம் அபெர்ச்சர் (லென்ஸின் துளை அளவு; எஃப் எண் குறைந்தால் துளை பெரிதாகும்), ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்), உங்கள் கை நகரும் வேகம் இவற்றைப் பொறுத்தது. ஐஎஸ்ஓ 100, எஃப் 8 என்று தொடங்குங்கள். கோடு மங்கினால் எஃப் 5.6, தடித்து வெளுத்தால் எஃப் 11. பின்னணி அதிகமாகத் தெரிந்தால் மட்டும் நேரத்தைக் குறையுங்கள்.

ஆட்டோ ஃபோகஸை நம்பாதீர்கள், இருட்டில் அது தடுமாறும். வரையப் போகும் இடத்தில் டார்ச்சை வைத்து ஃபோகஸ் செய்து, உடனே மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். 30 விநாடிப் படம் முடிந்தும் கேமரா இன்னொரு 30 விநாடி அசையாமல் நின்றால் பழுது என்று அணைத்துவிடாதீர்கள். படத்தில் விழும் பொட்டுகளைக் களையும் நாய்ஸ் ரிடக்‌ஷன் வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

கோடு புள்ளி புள்ளியாக உடைந்து வந்தால் கையைக் குறை சொல்ல வேண்டாம். பல எல்இடி டார்ச்சுகள் வெளிச்சம் குறைத்து வைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரியும். முழு வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

படத்தில் ஆளும் தெரிய வேண்டுமென்றால் ஃப்ளாஷ் தேவை. 1949-இல் புகைப்படக் கலைஞர் ஜோன் மிலி எடுத்த படங்களில் காற்றில் வரையும் பிக்காசோ தெளிவாகத் தெரிவது ஃப்ளாஷால்தான். தெரியவே கூடாதென்றால் கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். டார்ச் வெளிச்சம் உங்கள் மேலேயே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீல் வுல் எனும் மெல்லிய எஃகு இழைக் கற்றையைப் பற்றவைத்துச் சுற்றி நெருப்புப் பொறி பறக்க விடுபவர்கள் கடையில் பாத்திரம் தேய்க்கும் சுருள் கம்பியை வாங்கி வந்து, பற்றவில்லையே என்று முழிப்பதுண்டு. அது துருப்பிடிக்காத எஃகு. வேண்டியது தச்சர்கள் மரத்தை மெருகேற்றும் 0000 ரகம். கார்த்திகையில் மாவலி சுற்றியவர்களுக்குப் பொறி எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும். இது அதைவிட மோசம். காய்ந்த புல்லும் வைக்கோலும் இருக்கும் பக்கமே போகாதீர்கள்.

கேமராவைப் பார்த்து எழுதினால் எழுத்து இடவலம் மாறி விழும். அதற்காக இடவலம் மாற்றி எழுதிப் பழகுவது வீண் வேலை, எடிட்டிங்கில் திருப்பிவிடலாம். ஃபிரேமில் பெயர்ப் பலகை மட்டும் இருக்கக் கூடாது, அதன் எழுத்தும் சேர்ந்து திரும்பிவிடும். 'அம்மா' என்று எழுதினால் ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவே டார்ச்சை விரலால் மூடுங்கள், இல்லையென்றால் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு விரலை ஒரு கணம் எடுத்து மூடினாலே போதும்.