வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலேறி ஊருக்குப் போய்வர

சென்னையிலிருந்து அம்பாசமுத்திரத்துக்குப் பிள்ளைகளோடு சனி, ஞாயிறில் போய்வருவது முடிகிற காரியம்தான், டிக்கெட்டில் மட்டும் கோட்டை விடக்கூடாது. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, 120 நாளாக இருந்ததை 2024 நவம்பரில் குறைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை டிக்கெட்டை எடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை திரும்புகிற டிக்கெட் அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் திறக்கும், அன்றைக்கும் காலை 8 மணிக்கு போனோடு உட்கார வேண்டும். நான் ஒருமுறை இதை மறந்துபோய், திரும்பும்போது குடும்பத்தோடு பஸ்ஸில் உட்கார்ந்தே வந்து வீட்டில் வாங்கிய பேச்சு இன்னும் முடியவில்லை.

5 வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம். 5 முதல் 11 வரை படுக்கை இல்லாமல் அரைக் கட்டணம், படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். ராத்திரிப் பயணம், கஞ்சத்தனம் பார்க்காமல் படுக்கை எடுத்துவிடுங்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் போய் திருநெல்வேலியில் இறங்கினால் அங்கிருந்து அம்பாசமுத்திரத்துக்கு பஸ் சாதாரணமாகக் கிடைக்கும்.

சரி, வீட்டுக்குப் போயாச்சு. சனிக்கிழமை மதியம் வரை எந்த வேலையும் வைக்காதீர்கள். பெரியப்பா வீடு, சித்தி வீடு, குலதெய்வம் கோயில், பாபநாசம் என்று ஒரே நாளில் அடுக்கினால் பிள்ளைகள் ஆச்சி தாத்தாவோடு இருக்கிற நேரம் கார் பின்சீட்டில்தான் கழியும். சொந்தக்காரர் வீடு ஒரு நடைக்கு ஒன்று போதும். கோபித்துக்கொள்கிறவர்கள் எப்படியும் கோபித்துக்கொள்வார்கள்.

அதற்குப் பதில் பிள்ளைகளை அடுப்படிக்கு அனுப்புங்கள். எங்கள் வீட்டில் சனிக்கிழமை மதியம் சொதி. அம்மா தேங்காய்ப்பால் எடுக்கிற வேலையை என் மகளிடம் கொடுத்துவிடுவாள். "ஏட்டி, நல்லா அமுக்கிப் பிழி, மொதப் பாலைத் தனியா வையி." இரண்டாம் பாலில் காய் வெந்த பிறகு கடைசியில்தான் முதல் பால், ஊற்றிக் கொதிக்க விட்டால் திரிந்துபோகும். இதையெல்லாம் நான் சொன்னால் கேட்கமாட்டாள், ஆச்சி சொன்னால் முழங்கை வரை தேங்காய்ப் பூவோடு நின்றுகொண்டு கேட்கிறாள். நீங்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள், முக்கியமாக போனில் படம் எடுக்க.

பிள்ளைகள் அங்கே இருக்கும்போது உங்களுக்கு ஒரு வேலை உண்டு. மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். கேட்டால் "எல்லாம் ஒழுங்காத்தான் போடுதேன்" என்பார்கள். அப்பாவின் பிஸ்கட் டின்னில் சுகர் மாத்திரை ஒரு அட்டை முழுசாகக் கிடந்தது. கடையில் அந்த மாதம் வேறு கம்பெனி அட்டை கொடுத்திருக்கிறார்கள், நிறம் மாறியிருந்ததால் இது நம்மது இல்லை என்று ஒதுக்கி வைத்துவிட்டார். போனில் தினமும் பேசுகிறேன், எனக்குத் தெரியவே தெரியாது. அப்புறம் கரண்ட் பில், கேஸ் பதிவு, எரியாத பல்பு, இதெல்லாம் ஒரு மணி நேரத்தில் முடியும்.

ஆறு என்றால் பிள்ளைகள் விடமாட்டார்கள். தாமிரபரணியில் மேலே அணையில் தண்ணீர் திறந்தால் இழுப்பு மாறிவிடும், நீங்கள் சின்ன வயதில் குதித்த இடம்தானே என்று இறங்காதீர்கள், படித்துறையில் துணி துவைக்கிறவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். பாசி பிடித்த படியில் வழுக்குவது பெரும்பாலும் பிள்ளைகள் இல்லை, அவர்களைப் பிடிக்கப் போகிற அப்பாக்கள்தான்.

பை விஷயம் ஒன்று. வரும்போதே பாதி காலியாகக் கொண்டு வாருங்கள். முருங்கைக்காய், வடகம், நாலு தேங்காய், கல்லிடைக்குறிச்சி அப்பளம் எல்லாம் ஞாயிறு சாயங்காலம் கடைசி பத்து நிமிஷத்தில்தான் வரும், வேண்டாம் என்று சொல்லிப் பலன் இல்லை. தென்சென்னைப் பக்கம் வீடு என்றால் எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்திலேயே இறங்கிவிடுங்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் கொஞ்சமாவது தூங்கலாம்.

கிளம்பும்போது வாசலில் நின்றுகொண்டு "அடுத்து எப்ப?" என்று கேட்பார்கள். "பார்க்கலாம்" என்று இழுக்காமல் தேதியைச் சொல்லி, பேரன் கையாலேயே நாள்காட்டியில் வட்டம் போட வையுங்கள். வட்டம் போட்டால் அம்மா தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள், அதனால் டிக்கெட்டை எடுத்துவிட்டு அப்புறம் போடுங்கள்.