கொரியாவின் பழைய பௌத்தக் கலைப்பொருள்களைப் பார்ப்பது எப்படி

அழகாக இருக்கிறதா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: இது எங்கே இருந்தது, யார் கண்ணில் படவேண்டும் என்று செய்தார்கள்? கொரியாவின் ஆரம்பகாலப் பௌத்தப் பொருள்களில் பாதி விஷயம் இதிலேயே புரிந்துவிடும்.

கொரியாவின் வடக்கே இருந்த பழைய அரசான கோகுரியோவுக்குப் பௌத்தம் வந்தது 372-இல். அங்கே செய்த ஒரு சின்னப் புத்தர், பொன்முலாம் பூசிய வெண்கலம், உயரம் வெறும் 16.2 செ.மீ., இப்போது சியோல் தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. முன்னால் நின்று முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், திருவாசியின் பின்பக்கம் போங்கள். ஆயிரம் புத்தர்களைச் செய்து பரப்ப எண்ணியதாகவும், இது 29-ஆவது என்றும் அங்கே பொறித்திருக்கிறார்கள். 539-ஆம் ஆண்டு என்பது ஆய்வாளர்களின் கணக்கு. கோகுரியோவில் செய்த இது, 1963-இல் கிடைத்ததோ தென்கோடியில் இருக்கும் உய்ரியோங்கில்!

அதே அருங்காட்சியகத்தில் சிந்தனையில் ஆழ்ந்த இரண்டு போதிசத்துவர் (புத்தராகும் பாதையில் இருப்பவர்) சிலைகளுக்கென்றே ஓர் அறை இருக்கிறது. இங்கே அவசரப்படவே கூடாது. சுற்றி வாருங்கள், முதுகைப் பாருங்கள், கன்னத்தருகே வந்து நிற்கும் விரலைப் பாருங்கள். எளிய மகுடம் அணிந்தவரின் வலது காலை மட்டும் கொஞ்ச நேரம் கவனியுங்கள், இடது முழங்கால்மேல் கிடக்கும் அந்தப் பாதத்தின் விரல்கள் லேசாக மடங்கியிருக்கும். எனக்கு முகத்தைவிட அந்த விரல்களில்தான் அவருடைய யோசனை தெரிகிறது.

தென்மேற்கில் இருந்த இன்னொரு பழைய அரசான பெக்ஜேயின் தூபக்கலசத்தைப் பார்க்க, அதன் தலைநகராக இருந்த புயோவுக்குப் போகவேண்டும். 1993-இல் ஒரு பழைய கோயில் இருந்த இடத்தின் சேற்றிலிருந்து எடுத்தார்கள், 61.8 செ.மீ. உயரம். அடியில் டிராகன், நடுவில் தாமரை, மூடி முழுக்க மலைகள், உச்சியில் ஒரு பறவை. புகைத் துளைகள் எங்கே என்று தேடுங்கள்! மலைமுகடுகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும், பறவையின் மார்பிலும் உண்டு. ஏற்றினால் மலையிலிருந்தே பனிமூட்டம் கிளம்புகிற மாதிரி இருந்திருக்கும்.

கடைசியாகத் தாதுப் பேழைகள், அதாவது புத்தரின் புனித எச்சங்களை வைக்கும் பெட்டிகள். இவை யாரும் பார்ப்பதற்காகச் செய்தவையே அல்ல, பகோடா என்ற அடுக்குக் கோபுரத்துக்குள் வைத்து மூடிவிடுவார்கள். அதனால் அலங்காரத்தைவிட அடுக்கைக் கவனியுங்கள். புயோவில் வாங்ஹுங்சா கோயில் இருந்த இடத்தில் 2007-இல் கிடைத்ததில் வெண்கலத்துக்குள் வெள்ளி, வெள்ளிக்குள் தங்கம். இறந்துபோன இளவரசனுக்காக பெக்ஜே அரசன் 577-இல் வைத்தது. இரண்டு தாதுக்களை வைக்கும்போது அவை மூன்றாயின என்று வெளிப்பேழையில் எழுதியிருக்கிறது, அந்த வரிகளைக் கண்ணாடி வழியாக நிதானமாகத் தேடிப் பாருங்கள்.